எண்ணப்படாத உடல்கள்: கொள்ளைநோயும் மருத்துவமும் நாமும்

சாவித்திரிபாய் பூலே நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



சாவித்திரிபாய் பூலே என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 1848இல் புனேயில் தொடங்கிய பெண்கள் பள்ளி. பள்ளிக்குப் போகும் வழியில் அவர்மேல் சாணி எறிந்த கதை நமக்குத் தெரியும். அவர் வாழ்ந்த விதத்தை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இறந்த விதத்தை அவ்வளவாகப் பேசியதில்லை. 1897 மார்ச் 10 அன்று அவர் பிளேக் நோயால் இறந்தார். அவருடைய வளர்ப்பு மகன் யஷ்வந்த் மருத்துவர். புனே நகருக்கு வெளியே யஷ்வந்த் நடத்திய சிகிச்சை முகாமுக்கு நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையை, தன்னுடைய 66ஆம் வயதில் சாவித்திரிபாய் ஏற்றுக்கொண்டார். முண்ட்வா கிராமத்துக்கு வெளியே இருந்த மகர் குடியிருப்பில் நோயில் கிடந்த ஒரு சிறுவனை முதுகில் சுமந்துகொண்டு வந்து சேர்த்தார். அந்தத் தொற்றிலேயே அவர் உயிர் போனது.

இதைத் தியாகம் என்று ஒரே சொல்லில் முடித்து, படத்துக்கு மாலை போட்டுவிட்டு நாம் கலைந்து போய்விடலாம். இன்று அப்படிச் செய்ய எனக்கு விருப்பமில்லை. அந்த 1897 மார்ச் மாதத்தில் மருத்துவ அறிவியலுக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியாமல் இருந்தது, தெரிந்ததை வைத்து யாருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்கப்போகிறேன். அதே கேள்வியை 1918ஐப் பார்த்தும் 2020ஐப் பார்த்தும் கேட்கப்போகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கொள்ளைநோய் வந்தால் மருத்துவம் முதலில் செய்கிற வேலை எண்ணுவது. எங்கே வந்தது, எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேர் செத்தார்கள். அந்த எண்ணிக்கைக்குள் வராதவருக்கு மருந்து கடைசியில் வரும், இழப்பீடு வரவே வராது. நம் மக்களை வேலைக்கு எண்ணுகிறார்கள். வருகைப் பதிவேட்டில் தினமும் எண்ணுகிறார்கள். சாவில் எண்ணுவதில்லை.

கிருமி தெரிந்தது, வழி தெரியவில்லை

1894இல் ஹாங்காங்கில் பிளேக் பரவியபோது அலெக்சாண்டர் யெர்சின் அதன் கிருமியைக் கண்டறிந்தார். ஜப்பானிய அறிஞர் கிடாசாட்டோவும் அதே நேரத்தில் அங்கே அந்தத் தேடலில் இருந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1896 செப்டம்பரில், பம்பாயின் மாண்ட்வி பகுதியில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் வந்திருப்பது பிளேக் என்று கண்டு சொன்னார். ஒடெசாவில் பிறந்த யூதரான வால்டெமர் ஹாஃப்கின் பம்பாய் வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் இடம்பெற்று வேலையைத் தொடங்கினார். 1897 ஜனவரி 10 அன்று, தான் தயாரித்த தடுப்பூசியைத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். கிருமி தெரிந்த மூன்றே ஆண்டில் தடுப்பூசி. அந்தக் காலத்துக்கு இது பெரிய சாதனை.

ஆனால் நோய் எந்த வழியாக வருகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. பிளேக் எலிகளின் நோய். எலி செத்ததும் அதன் உடம்பிலிருக்கும் தெள்ளுப்பூச்சி அடுத்த உடம்பைத் தேடும், மனிதரைக் கடிக்கும். இதை பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898இல் கராச்சியில் சோதனை செய்து காட்டினார். அப்போதும் உடனே யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆக, சாவித்திரிபாய் அந்தச் சிறுவனைத் தூக்கியபோது, கிருமியின் வடிவம் நுண்ணோக்கியில் தெரிந்திருந்தது. அது பரவும் பாதை தெரிந்திருக்கவில்லை.

அறிவு பாதியில் நிற்கும்போது அதிகாரம் நிற்பதில்லை. 1897 பிப்ரவரி 4 அன்று தொற்றுநோய்கள் சட்டம் வந்தது. சாவித்திரிபாய் இறப்பதற்கு ஏறக்குறைய ஐந்து வாரம் முன்பு. வீடு புகுந்து சோதனை போட்டார்கள், ரயில் பயணிகளை இறக்கிப் பார்த்தார்கள், நோயாளியைப் பிரித்துக்கொண்டு போனார்கள், துணிமணிகளை எரித்தார்கள். புனேயில் ராண்ட் என்ற அதிகாரியின் கீழ் சிப்பாய்கள் தெருத் தெருவாக இறங்கினார்கள். 1897 ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். இந்தச் சம்பவம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகள் படித்து மதிப்பெண் வாங்குகிறார்கள்.

சிப்பாய்களின் அத்துமீறல் உண்மை. அதில் ஏழைகளும் அடிபட்டார்கள். ஆனால் அன்றைய பத்திரிகைகளில் உரக்கக் கேட்ட குறைகளில் இன்னொன்றும் இருந்தது: தங்கள் வீட்டுக்குள் அந்நியர் நுழைகிறார்கள், தங்கள் பெண்களைத் தொடுகிறார்கள், மருத்துவமனையில் எல்லாச் சாதியாரையும் ஒரே கூரையின் கீழ்ப் படுக்கவைக்கிறார்கள். இந்த எதிர்ப்புக்குப் பணிந்து, சமூகம் சமூகமாகத் தனித்தனி பிளேக் மருத்துவமனைகள் நடத்த அனுமதி கிடைத்தது. ராண்ட் கொலை வரலாறாகிவிட்டது. மகர் குடியிருப்பில் பிளேக் என்ன செய்தது என்பது அந்தப் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை.

பம்பாயில் அந்த மாதங்களில் பல லட்சம் பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். நகராட்சி ஆணையர் ஸ்னோவின் பெரிய கவலை என்ன தெரியுமா? மலம் அள்ளும் ஹலால்கோர் தொழிலாளர்களும் குப்பை அள்ளுபவர்களும் சேர்ந்து ஓடிவிட்டால் நகரத்தின் கதி என்ன ஆகும் என்பதுதான். நோயாளிகளைக் கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் நடவடிக்கையை ஆரம்பத்தில் அவர் தளர்த்தியதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். சாக்கடைகளை கார்பாலிக் கலந்து கழுவிய காலம் அது. அந்தச் சாக்கடைக்குள் நின்றவர்கள் இல்லாமல் பம்பாயின் எந்தப் பெரிய மருத்துவராலும் ஒருநாள்கூட வேலை செய்திருக்க முடியாது. அவர்கள் ஊரில் இருக்க வேண்டும் என்று அரசுக்குத் தெரிந்தது. அவர்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்பது தனிக் கேள்வியாக எழவேயில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹாஃப்கினின் ஊசி பெரிய அளவில் முதலில் சோதிக்கப்பட்டது பைகுல்லா சிறைக் கைதிகளிடம். அவர்கள் தாமாக முன்வந்தார்கள் என்று பதிவு சொல்கிறது. சிறைக்குள் இருப்பவர் ‘தாமாக’ முன்வருவது என்றால் என்ன பொருள் என்று சமூகவியல் மாணவர்கள் யோசியுங்கள். அந்த ஊசி பயன் தந்தது, பல உயிர்களைக் காத்தது. அதையும் சேர்த்தே யோசியுங்கள்.

61.6 என்ற எண்

இருபது ஆண்டு கழித்து 1918இல் இன்ஃப்ளூயன்சா வந்தது. பம்பாயில் இறங்கி, ரயில் பாதைகள் வழியாக நாடு முழுவதும் போனது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டு பம்பாய் நகரச் சுகாதாரத் துறை இறப்புகளைச் சமூகவாரியாகப் பிரித்துக் கணக்கிட்டது. ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு அது. ஐரோப்பியர் 8.3. பார்சிகள் 9. சாதி இந்துக்கள் 18.9. முஸ்லிம்கள் 19.2. ‘தாழ்ந்த சாதி இந்துக்கள்’ என்று அவர்கள் எழுதிய நம்மவர்கள் 61.6.

இந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நகரம், ஒரே கிருமி, ஒரே காற்று. சாதி இந்துக்களைவிட மூன்று மடங்குக்கு மேல். ஐரோப்பியர்களைவிட ஏழு மடங்குக்கு மேல். கிருமிக்குச் சாதி தெரியாது என்று மேடையில் சொல்வோம். கிருமிக்குத் தெரியாதுதான். ஆனால் ஓர் அறையில் பத்துப் பேர் படுக்கும் சாலுக்குத் தெரியும். அரைவயிறு உணவுக்குத் தெரியும். காய்ச்சலோடு வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை என்ற நிலைமைக்குத் தெரியும். பக்கத்தில் வந்து நாடி பார்க்க மறுத்த கைக்குத் தெரியும்.

அன்றைய ஆட்சி நம்மேல் கொண்ட பாசத்தால் இப்படி எண்ணியதாக யாரும் நினைக்க வேண்டாம். ஆள்வதற்காக எண்ணினார்கள். எண்ணிவிட்டு நம் குடியிருப்புகளுக்குப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவும் இல்லை. எண்ணினால் மட்டும் போதாது என்பதற்கு அதுவே சான்று. ஆனாலும், நூறாண்டு கழித்து நின்று “எங்கள் சாவு தற்செயல் இல்லை” என்று நான் இந்த மேடையில் ஆதாரத்தோடு சொல்ல முடிகிறதென்றால் அந்த ஓர் எண்ணால்தான் முடிகிறது.

இப்போது கேட்கிறேன். 2020, 2021 கோவிட் இறப்புகளில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? பழங்குடியினர் எத்தனை பேர்? அரசு அப்படி ஒரு கணக்கை வெளியிடவில்லை. காலனி ஆட்சி 1918இல் எழுதிவைத்ததைக் குடியரசு எழுதிவைக்கவில்லை.

அறிவியல் ஓடிய வேகம்

கோவிட் காலத்தில் அறிவியல் செய்ததைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. புதிய வைரசின் மரபணு வரிசை 2020 ஜனவரி 10 அன்று உலகத்தின் முன் வைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டனில் பொதுமக்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கிவிட்டார்கள். பத்தாண்டு பிடிக்கும் வேலை பதினொரு மாதத்தில் முடிந்தது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, தவறானதைக் கைவிட்ட விதம். 2020 மார்ச்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மருத்துவப் பணியாளர்களுக்கு முன்தடுப்பாக ஹைட்ராக்சிகுளோரோகுயின் பரிந்துரைத்தது. பிரிட்டனில் ‘ரெக்கவரி’ என்ற பெரிய ஆய்வு, மருத்துவமனையில் இருந்த நோயாளிகளுக்கு அந்த மாத்திரையால் பயனில்லை என்று ஜூன் மாதமே சொன்னது. அதே ஆய்வுதான் டெக்சாமெத்தசோன் என்ற பழைய, மலிவான மருந்து வென்டிலேட்டரில் இருப்பவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்றும் கண்டறிந்தது. நம் நாட்டில் பிளாஸ்மா சிகிச்சைக்காக மக்கள் சமூக ஊடகங்களில் கெஞ்சிக்கொண்டிருந்தது நினைவிருக்கும். 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே ஆய்வு நடத்தி, அதனால் மரணம் குறையவில்லை என்று காட்டியது. 2021 மே மாதம் அது சிகிச்சை வழிகாட்டுதலில் இருந்து நீக்கப்பட்டது. பெரியவர் சொன்னார், சாத்திரம் சொன்னது என்று பிடித்துக்கொண்டிருக்காமல், ஆதாரம் மாறினால் முடிவை மாற்றுகிற இந்தப் பழக்கம் நமக்கு வேண்டிய பழக்கம்.

ஆனால் ஆதாரம் யாருடைய உடம்பிலிருந்து எடுக்கப்படுகிறது? ஒரு சின்னக் கருவியைச் சொல்கிறேன். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். இரண்டாம் அலையில் வீட்டுக்கு வீடு அந்தப் பேச்சுதான். 94க்குக் கீழே போனால் மருத்துவமனை, 90க்குக் கீழே போனால் ஆபத்து. அந்தக் கருவி விரல் வழியாக ஒளியைச் செலுத்தி, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கணிக்கிறது. தோலின் நிறமியும் ஒளியை வாங்கிக்கொள்ளும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி நல்ல எண்ணையே காட்டிய நிகழ்வுகள் வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று சொன்னது. கருவியைச் செய்தவர் யாரையும் வெறுக்கவில்லை. கருத்த தோலில் போதுமான அளவு சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எண்ணாமல் விடுவது அப்படித்தான் வேலை செய்கிறது. அதற்கு வெறுப்பு தேவையில்லை. வெயிலில் வேலை செய்து கருத்த விரல்களில் இந்தக் கருவியை மாட்டித்தான் நாமும் படுக்கைக்கு வரிசையில் நின்றோம்.

இன்னொரு தவறு இன்னும் பெரியது. 2020 மார்ச் 28 அன்று உலகச் சுகாதார நிறுவனம், கோவிட் காற்றில் பரவும் நோய் இல்லை என்று அடித்துச் சொன்னது. மூடிய இடத்தில் காற்றின் வழியே பரவுகிறது என்பதை அது தெளிவாக ஏற்க ஓராண்டுக்கு மேல் ஆனது. அதுவரை நமக்குச் சொன்னது: கையைக் கழுவு, தள்ளி நில். ஜன்னல் இல்லாத ஓர் அறை வீட்டில் எங்கே தள்ளி நிற்பது? லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் தெருவில் எத்தனை முறை கழுவுவது? காற்றுதான் பிரச்சினை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டிருந்தால், கேள்வி வீட்டின் அளவைப் பற்றியும் ஜன்னலைப் பற்றியும் வேலையிடத்தைப் பற்றியும் வந்திருக்கும். அது அரசின் பொறுப்பு. கையைக் கழுவுவது தனிமனிதரின் பொறுப்பு. எந்த அறிவுரை அரசுக்கு வசதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தொடுதல் என்ற வேலை

‘சமூக இடைவெளி’ என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு உடம்பு கூசியது. உலகச் சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் அதைக் கைவிட்டு, உடல் அளவிலான இடைவெளி என்ற பொருளில் வேறு சொல்லுக்கு மாறியது. தமிழில் ‘தனிமனித இடைவெளி’ என்று சிலர் மாற்றிச் சொன்னார்கள். பலர் மாற்றவேயில்லை. இரண்டாயிரம் ஆண்டு பழகிய சொல்போல அது நாக்கில் உட்கார்ந்துகொண்டது.

அந்த ஏப்ரலில் சென்னையில் கோவிட்டால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலைப் புதைக்கவிடாமல் ஒரு கும்பல் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. நாடே அதிர்ந்தது. அதிர வேண்டிய விஷயம்தான். அந்த மாதமே தொற்றுநோய்கள் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளரைத் தாக்குவது கடும் குற்றம் என்று அவசரச் சட்டம் வந்தது. சாவித்திரிபாய் காலத்துச் சட்டம்தான் அப்போதும் நம்மை ஆண்டது. ஒரு பிணம் சுடுகாட்டு வாசலில் தடுக்கப்படுவதை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் அன்று பலர் பேசினார்கள். பொதுப்பாதையில் பிணம் கொண்டுபோக விடாமல் தடுக்கப்பட்டு, வயல் வரப்பிலும் ஆற்று நீரிலும் இறங்கிப் போகிற மக்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது முதல்முறை இல்லை.

நோயுற்ற உடம்பைத் தொடுவது, பிணத்தைக் கழுவுவது, பிரசவம் பார்ப்பது, கட்டுப்போட்ட துணியை அள்ளுவது. மருத்துவத்தில் தொட்டுச் செய்யும் வேலைகள் எல்லாவற்றையும் இந்தச் சமூகம் கீழே தள்ளியது. செய்தவர்களையும் சேர்த்துத் தள்ளியது. காலராவும் அம்மையும் ஊரை வாரிக்கொண்டு போன காலங்களில் பிணம் தூக்கியவர் யார், குழி வெட்டியவர் யார் என்று நம் தாத்தா பாட்டிகளைக் கேளுங்கள். கோவிட்டிலும் அதுதான் நடந்தது. கோவிட் வார்டின் தரையைத் துடைத்தவர்கள், தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் குப்பையை எடுத்தவர்கள், பிளீச்சிங் பவுடர் தூவியவர்கள், பிளாஸ்டிக் பையில் கட்டிய உடல்களை மின்மயானத்தில் இறக்கியவர்கள். இவர்களில் பெரும்பாலோர் யார் என்று நமக்குத் தெரியும். 2020இல் தமிழக அரசு துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. காலில் விழுந்து பாத பூசை செய்தார்கள், பூத்தூவினார்கள், வீடியோ எடுத்தார்கள். ஒப்பந்தக் கூலி ஒப்பந்தக் கூலியாகவே இருந்தது.

2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டவர் ஒரு தூய்மைப் பணியாளர். அதை மரியாதை என்று நான் ஏற்கிறேன். தூய்மைப் பணியாளருக்குத்தான் ஆபத்து அதிகம் என்று அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது. அப்படியானால் அடுத்த கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: இறந்தவர்கள் எத்தனை பேர்? 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு சொன்ன பதில்களை நினைவுபடுத்துகிறேன். ஊரடங்கில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றிய தரவு இல்லை. மருத்துவப் பணியாளர் இறப்புகள் பற்றிய தரவும் ஒன்றிய அளவில் பராமரிக்கப்படவில்லை. முதல் ஊசிக்குப் புகைப்படம் இருக்கிறது. சாவுக்குப் பதிவேடு இல்லை.

டெஸ்ட் எடுக்கலயே

2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் கோவிட் காலத்தோடு தொடர்புடைய கூடுதல் மரணங்கள் ஏறக்குறைய 47 லட்சம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. அரசு சொன்ன கணக்கு சுமார் 4.8 லட்சம். ஏறத்தாழ பத்து மடங்கு வேறுபாடு. கணக்கிட்ட முறையே தவறு என்று ஒன்றிய அரசு மறுத்தது. யார் கணக்கு சரி என்ற சண்டைக்கு அடியில் ஓர் உண்மை கிடக்கிறது. இந்தியாவில் பதிவாகும் மரணங்களில், என்ன காரணத்தால் இறந்தார் என்று மருத்துவர் சான்றளித்தவை 2020இல் 22.5 சதவீதம்தான். மீதிப் பேர் ஏன் செத்தார்கள் என்று தாளில் இல்லை.

இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு நானும் சில மாணவர்களும் எங்கள் வட்டாரக் காலனிகளில் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு வீடு வீடாகப் போனோம். குப்பை வண்டி ஓட்டிய கணவரை இழந்த ஓர் அம்மா சொன்னார்: “காய்ச்சல் வந்துச்சு, வாசனை தெரியலன்னாரு, மூணாம் நாளு மூச்சு வாங்குச்சு. ஆஸ்பத்திரி வாசல்லயே போயிட்டாரு. ஆனா கொரோனா எல்லாம் இல்லப்பா. டெஸ்ட் எடுக்கலயே.” கையிலிருந்த தாளில் மாரடைப்பு என்று இருந்தது.

டெஸ்ட் எடுக்கவில்லை, அதனால் கொரோனா இல்லை. அந்த அம்மா தவறாக ஒன்றும் சொல்லவில்லை. அரசின் கணக்குமுறை எதுவோ அதையே சொன்னார். பல வீடுகளில் வேறு காரணமும் இருந்தது. கொரோனா என்று வெளியே தெரிந்தால் வீட்டு வேலைக்குப் போகிற மகளை நிறுத்திவிடுவார்கள். கடையில் சாமான் தர மாட்டார்கள். ஏற்கெனவே ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள் இன்னொரு ஒதுக்கலைத் தாங்க முடியாமல் மறைத்தார்கள். உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் 2021இல் கோவிட் மரணத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் நிவாரணம் வந்தது. சான்றிதழில் கோவிட் என்று இல்லாவிட்டாலும் வழி உண்டு என்று அந்த உத்தரவிலேயே இருந்தது. அந்தச் செய்தி காலனிக்கு வந்து சேரவில்லை. நாங்கள் போய்ச் சொன்னபோது, விண்ணப்பிக்கத் தேவையான ஒரு சீட்டுகூடப் பலர் கையில் இல்லை.

எண்ணிக்கை மாறவே மாறாதா? மாறும். 2020இல் சென்னை மாநகராட்சியின் மரணப் பதிவேட்டுக்கும் அரசு வெளியிட்ட கோவிட் பட்டியலுக்கும் பொருந்தவில்லை என்று கேள்வி எழுப்பினார்கள். ஆய்வுக்குழு அமைத்தார்கள். ஜூலை மாதம் ஒரே நாளில் விடுபட்ட 444 மரணங்கள் கணக்கில் சேர்ந்தன. பதிவேட்டைத் திறந்து பார்த்துக் கேட்க ஆள் இருந்ததால் நடந்தது அது.

நமக்கு என்ன வேலை

இரண்டு வழிகள் நம்மை இழுக்கும். ஒன்று, அறிவியலே ஆதிக்கத்தின் கருவி, ஊசியும் வேண்டாம் மருந்தும் வேண்டாம் என்பது. இந்தச் சந்தேகத்துக்கு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோய்க்குச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்த ஆய்வை அறிந்தவர் யாரும் அந்தச் சந்தேகத்தைக் கேலி செய்ய மாட்டார். ஆனால் அதே நாட்டில், மாடர்னா தடுப்பூசிக்கு அடிப்படையான ஆய்வுக் குழுவில் முன்னணியில் நின்றவர் கிஸ்மேகியா கார்பெட் என்ற கறுப்பினப் பெண் அறிவியலாளர். சந்தேகத்துக்கு மருந்து உள்ளே போவது.

இன்னொரு வழி, நம்முடையது, பழையது, அதனால் நல்லது என்பது. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். உடம்பைப் பற்றிய அறிவு நமக்கு அந்நியமில்லை என்பதற்கு அவர் ஒருவரே போதும். அந்தப் பெருமையோடு சொல்கிறேன்: கசாயமானாலும் மாத்திரையானாலும் சோதித்துப் பார்த்து, பயன் உண்டா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நம் மக்கள் வாயில் ஊற்ற வேண்டும்.

மருத்துவ ஆய்வில் வாய்மொழி மரண விசாரணை என்று ஒரு முறை இருக்கிறது. மருத்துவர் பார்க்காமலே இறந்தவர் வீட்டுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் போய், என்னென்ன அறிகுறி, எத்தனை நாள், என்ன வேலை செய்தார் என்று குடும்பத்திடம் கேட்டு எழுதுவார். அதை மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்து மரணத்தின் காரணத்தை முடிவு செய்வார்கள். இந்தியாவில் பிரபாத் ஜா தலைமையில் நடந்த பத்து லட்சம் மரணங்கள் பற்றிய ஆய்வு இப்படித்தான் நடந்தது. நம் கையிலிருக்கும் நோட்டுப்புத்தகமும் முறையாக எழுதப்பட்டால் அறிவியல்தான்.

ஆகவே மாணவர்களிடம் நான் கேட்பது இவை. ஒவ்வொருவரும் ஒரு காலனியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நடக்கும் ஒவ்வொரு மரணத்தையும் பெயர், வயது, வேலை, அறிகுறி, நாள் என்று எழுதுங்கள். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுங்கள். மரணச் சான்றிதழ் வாங்கித் தருவதை இயக்க வேலையாகச் செய்யுங்கள். தூய்மைப் பணியாளர்களுக்கு வரும் நுரையீரல் நோயையும் தோல் நோயையும் தொழில்நோயாகப் பதியச் சொல்லிக் கேளுங்கள். வரப்போகும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் சேர்க்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025இல் அறிவித்தது. உயிரோடு இருப்பவரைச் சாதிவாரியாக எண்ண முடியுமென்றால் இறந்தவரையும் எண்ண முடியும். 61.6க்குப் பிறகு அடுத்த எண் என்ன என்று கேளுங்கள். கிடைக்கும்வரை கேளுங்கள். மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் பொது மருத்துவத்தோடு சமூக மருத்துவத்தையும் தேர்ந்தெடுங்கள். எதை எண்ணுவது என்று முடிவு செய்யும் அறையில் நம்மில் ஒருவர் உட்கார வேண்டும்.

எழுத்தாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இது இலக்கியப் பேரவை. நம் தன்வரலாறுகளிலும் கதைகளிலும் செத்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது, நோய் இருக்கிறது, கேட்டுக் கிடைக்காத தண்ணீர் இருக்கிறது. அரசு வைக்காத பதிவேட்டை அவை ஓரளவுக்கு வைத்திருக்கின்றன.

1897இல் இந்தியாவில் பிளேக்கில் இறந்த எத்தனையோ ஆயிரம் பேரில் ஒருவர் சாவித்திரிபாய். அவர் சுமந்த சிறுவன் முண்ட்வாவின் மகர் குடியிருப்பைச் சேர்ந்தவன் என்பது இன்று நமக்குத் தெரிகிறது. அரசின் பிளேக் அறிக்கைகளால் தெரியவில்லை. அவரை நேசித்தவர்கள் சொல்லிச் சொல்லி, யாரோ ஒருவர் எழுதிவைத்ததால் தெரிகிறது. அந்தக் குடியிருப்பில் மற்ற வீடுகளில் படுத்துக் கிடந்தவர்களின் பெயர்களை எழுத அன்று ஆளில்லை. அடுத்த கொள்ளைநோய் வரும்போது எழுத ஆள் இருக்க வேண்டும். இந்த அறையில் இருப்பவர்கள் போதும்.